மூன்றாவது ஏழு

கைம்மானி முப்பத்தொன்று என்று காட்டியது.

பனிமயம் கண்ணாடித் தடுப்பில் நெற்றி படுமளவு எட்டிப் பார்த்தாள். கருவியின் தட்டில் அவளுடைய நோட்டு மல்லாந்து கிடந்தது. நீல வெளிச்சம் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போய் நின்றுவிட்டிருந்தது.

"சார், இன்னொரு தடவ வச்சுப் பாருங்களேன். பக்கம் மடங்கியிருக்கும்."

"மூணு தடவ வச்சாச்சும்மா," என்றார் எழுத்தர். "எழுபது வந்தாத்தான் முத்திரை. இது மனுசக் கைவேலையே இல்லங்குது."

"நான்தான் சார் எழுதுனேன். ஒம்பது நாள் ஒக்காந்து எழுதுனேன்."

எழுத்தர் நோட்டைப் புரட்டினார். "ஒரு அடித்தல் கெடையாது. மார்ஜின் வேற போட்டிருக்க. தலைப்புக்கெல்லாம் செவப்பு மை. சர்வர்ல வேல பாக்குறவன் எவன்மா செவப்பு மை தேடிட்டு இருப்பான்?"

"அது ஃபேர் நோட்டு சார்."

"அப்ப ரஃப் நோட்டு எங்க?"

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் பழகிய பழக்கம் அது. ரஃப் நோட்டில் கிறுக்கு, ஃபேர் நோட்டில் அழகாக எழுது, ஃபேர் நோட்டைத்தான் காட்டு. அசிங்கமாக இருந்த அந்த முதல் நோட்டைத் தன் கையாலேயே கிழித்துப் பழைய பேப்பர் சாக்கில் திணித்திருந்தாள். திங்கட்கிழமை சாக்கு சைக்கிளில் ஏறிப் போய்விட்டது.

கைவழிச் சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்பே உலகத்தில் எதையும் நம்ப முடியாமல் போயிருந்தது. புகைப்படம், குரல், பட்டா, ரேஷன் அட்டை, கல்யாண வீடியோ என்று எதைக் கேட்டாலும் இயந்திரங்கள் ஒரு நொடியில் உண்டாக்கிக் கொடுத்தன. நீதிமன்றங்கள் கையை விரித்தன. கடைசியில் யாரோ ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இயந்திரத்தால் எல்லாவற்றையும் போலச் செய்ய முடிந்தது, மனிதனின் தடுமாற்றத்தைத் தவிர. எழுதப் போய் நிறுத்துவது, பயந்து அடிப்பது, பேனாவை அழுத்துவது, அழுத்தியதற்கு வருந்துவது எல்லாம் அதற்குக் கைவரவில்லை.

அதிலிருந்து பிறந்தவைதான் கைவழிச் சட்டமும் மெய்த்தளமும். ஓர் ஊரோ தெருவோ தான் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டுமானால், அங்கே குடியிருக்கும் ஒருவர் வழங்கி எனப்படும் பொது லினக்ஸ் சர்வரில் தனக்கு ஒதுக்கிய வெறும் இடத்தில் பக்கமேலாளி என்ற மென்பொருளைத் தன் கையால் நிறுவ வேண்டும். ஒவ்வொரு கட்டளையையும் தட்டச்சு செய்து, செய்யும்போதே அதையும் அப்போது மனதில் ஓடியதையும் பேனாவால் நோட்டில் எழுத வேண்டும். கைம்மானி அந்த நோட்டைப் படித்து, வழங்கி தானே வைத்திருக்கும் நேரக் குறிப்போடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். எழுபதைத் தாண்டினால் முத்திரை விழும். அதன் பிறகு அந்தத் தளத்தின் பக்கங்களில் இருப்பதே உண்மை. பக்கங்களைப் பிறகும் மாற்றி எழுதலாம்; ஆனால் தளத்தின் அமைப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை உடைந்துபோகும்.

கிழக்களத்துக்கு இதுவரை மெய்த்தளம் இல்லை. உப்பளத்தை ஒட்டி நூற்று அறுபத்து மூன்று வீடுகள். அந்த இடம் வெறும் தரை என்று புதிய கப்பல்துறை கட்டும் நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. திங்கட்கிழமை விசாரணை. முத்திரை கேட்டு நோட்டைக் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளி, மாலை ஐந்து மணி. இன்று புதன்.

அன்று மாலையே பனிமயம் முத்திரை அலுவலகத்தின் மாடியிலிருந்த மாலைக் கணினிப் பயிலகத்துக்குப் போய், வழங்கியில் தன் இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். பகலெல்லாம் உப்பு மில்லில் பாக்கெட் ஒட்டிய விரல்கள் விசைப்பலகையில் கரகரத்தன. இந்த முறை ஒரே நோட்டுதான், மார்ஜின் கிடையாது. ஆனால் ஒன்பது நாளில் எல்லாம் மனப்பாடமாகியிருந்தது. தரவுத்தளத்தை உண்டாக்கினாள். கடவுச்சொல் வைத்தாள். பொதியை அவிழ்த்தாள். கோப்புகள் இருக்கும் அடைவின் உரிமையை இணையச் சேவையின் பெயருக்கு மாற்றினாள். எங்கும் கை நிற்கவில்லை. வீட்டுக்கு ஒன்றாக நூற்று அறுபத்து மூன்று பக்கங்களும் முதல் தடவையிலேயே ஏறின. வியாழன் காலை கைம்மானி நாற்பத்து நான்கு கொடுத்தது. கீழே ஒரு குறிப்பும் வந்தது: தயக்கம் போதாது.

"இதுக்குத்தான் நல்லாப் படிக்காதன்னு சொன்னேன்," என்றான் பக்கத்துக் கணினியில் உட்காரும் இசக்கிராஜ். அவன் தெருவுக்கு முதல் முயற்சியிலேயே எழுபத்தாறு வாங்கியவன். "நான் எழுதுன லட்சணத்தப் பாத்து அந்த மிசினே பாவப்பட்டிருக்கும். நீ என்னடான்னா கோலம் போட்டு வச்சிருக்க."

"எனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம் வருமே இசக்கி. கேஸ் அடுப்ப மூடுனமா இல்லையான்னு மூணு தடவ திரும்பி வாரவ நான். அந்தச் சந்தேகம் நோட்டுல மட்டும் ஏன் வர மாட்டேங்கு?"

"வரலன்னா வரவை. ரெண்டு தப்பப் பண்ணு. 'ஐயோ மாதாவே'ன்னு நாலு எடத்துல எழுது. சோலி முடிஞ்சிது."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வியாழன் மாலை செய்தாள். கடவுச்சொல்லை வேண்டுமென்றே தப்பாக அடித்துத் திருத்தினாள். ஒரு கட்டளையில் எழுத்தை விட்டுவிட்டு, நோட்டில் 'என்ன செய்வதென்று தெரியவில்லை' என்று எழுதினாள். எழுதும்போதே கூச்சமாக இருந்தது. வெள்ளி காலை ஐம்பத்திரண்டு வந்தது. பிழைக்கும் திருத்தத்துக்கும் நடுவே பேனா ஒருமுறை கூட நடுங்கவில்லை என்று கைம்மானி கண்டுபிடித்திருந்தது.

உண்மையாகச் செய்தது பொய் ஆனது. பொய்யாகச் செய்ததும் பொய்தான் ஆனது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான்காவது முறை உட்கார்ந்தாள். மில்லில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் சந்தியாகு அண்ணாச்சி பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதடு ஓயாமல் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. கீழே வராந்தாவில் கிழக்களத்துச் சனம் அறுபது பேர் பெஞ்சிலும் படியிலும் இருந்தார்கள். யாரோ தூக்குவாளியில் தேநீர் கொண்டுவந்திருந்தார்கள்.

"எப்பிடிட்டி போவுது?"

"போவுது அண்ணாச்சி. பேசாதீய."

பொதியை அவிழ்த்தாள். தளம் எழுந்து நின்றது. நான்கு இருபதுக்கு முதல் வீட்டின் பக்கத்தை ஏற்றினாள்.

அனுமதி மறுக்கப்பட்டது.

மறுபடி ஏற்றினாள். அனுமதி மறுக்கப்பட்டது. முந்தைய மூன்று முறையும் வராத பிழை. எதை விட்டோம்? நோட்டைத் திருப்பினாள்; அவளுடைய எழுத்தே அவளுக்குப் புரியவில்லை. நான்கு முப்பத்தைந்து. சேவையை நிறுத்தித் தொடங்கிப் பார்த்தாள். நான்கு நாற்பத்திரண்டு.

"எம்மா, நேரம் ஆவுதே."

"தெரியுது அண்ணாச்சி!"

கத்திவிட்டாள். அண்ணாச்சி செபத்தை நிறுத்திவிட்டார்.

வகுப்பில் ஒருநாள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்த அடைவுக்கும் மூன்று அனுமதி எண்கள் உண்டு. முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது அதே வழங்கியில் கணக்கு வைத்திருக்கும் மற்ற எல்லோருக்கும். ஏழு என்றால் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். மூன்றையும் ஏழாக்கினால் எந்தப் பிழையும் ஓடிப்போகும். அதனாலேயே ஒருநாளும் ஆக்கக் கூடாது என்றார்கள்.

நான்கு நாற்பத்தாறுக்கு அவள் 777 என்று அடித்தாள். பேனாவை எடுத்து எழுதினாள். 'எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டேன்.' 'எல்லோருக்கும்' என்பதை அடித்தாள். மறுபடி அதையே எழுதினாள். 'பயமாக இருக்கிறது. இது தப்பு. பிறகு திருத்த வேண்டும்.' தாள் கிழிந்துபோகும் அளவுக்குப் பேனா அழுந்தியது.

நூற்று அறுபத்து மூன்று பக்கங்களும் ஏறின. நோட்டைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினாள். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது நோட்டு தட்டில் விழுந்தது.

தொண்ணூற்றொன்று.

எழுத்தரே எழுந்து நின்றுவிட்டார். "இந்த வருசம் ஜில்லாவுலயே இதாம்மா பெரிசு!" வராந்தாவில் கைத்தட்டல் எழுந்தது. யாரோ குலவையிட்டார்கள்.

"சார், ஒரு நிமிசம். முத்திரை போடாதீய. ஒண்ண மட்டும் திருத்திட்டு வந்துருதேன்."

"அது விழுந்தாச்சேம்மா. எழுபதத் தாண்டுன ஒடனே தானா விழுந்துரும். இனிமேப் பிரிக்கணும்னா புது மனு. புது நாள்."

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவளுக்கு விடை கிடைத்தது. பதற்றத்தில் ஒரு படியை விட்டிருக்கிறாள். உரிமையை மாற்றும் ஒரே ஒரு கட்டளை. முப்பது எழுத்துகூட இருக்காது. அந்த வழங்கியில் இன்னும் பதினோரு தளங்கள் இருப்பதும் நினைவுக்கு வந்தது. அவற்றில் ஒன்று கப்பல்துறை நிறுவனத்துடையது.

"அண்ணாச்சி, ஒரு கதவு தொறந்து கெடக்கு," என்றாள்.

"எந்தக் கதவு?"

"தளத்துல. யாரு வேணும்னாலும் உள்ள வந்து எழுதலாம். முத்திரைய ஒடச்சிட்டு மறுபடி கேப்பமா?"

"ஒடைக்கவா? திங்கக்கெழம கேசுட்டி!" அண்ணாச்சி அவள் தலையில் கை வைத்தார். "நம்ம ஊருல எந்தக் கதவு பூட்டிக் கெடக்கு, சொல்லு பாப்போம். யாரு வந்தா? நீ எப்பவும் இப்பிடித்தான். கேஸ மூடுனமா, வெளக்க அமத்துனமான்னு. போய்த் தூங்கு போ."

முன்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் பயந்தபடி ஒருநாளும் கேஸ் திறந்திருந்ததில்லை. தன் சந்தேகத்தையே சந்தேகப்பட அவளுக்கு ஊர் சொல்லிக் கொடுத்திருந்தது. சனிக்கிழமை தளத்தைப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள், சரியாக இருந்தது.

திங்கட்கிழமை நீதிமன்றத்தின் திரை அறையில் உட்கார்ந்தார்கள். நீதிபதி வேறு ஊரில் இருந்தார். யாருடைய உருவமும் சாட்சி ஆகாது என்பதால் நீதிபதிகள் நேரில் வருவதில்லை. சுவர்த்திரையில் கிழக்களத்தின் மெய்த்தளம் விரிந்தது. முதல் வீடு, சந்தியாகு. குடும்பத்தினர் ஐவர். கடைசியில் ஞாயிறன்று இல்லாத ஒரு வரி இருந்தது: 'இவ்வீட்டை என் முழு விருப்பத்துடன் ஒப்படைத்துவிட்டேன்.' இரண்டாவது வீட்டிலும் அதே வரி இருந்தது. நூற்று அறுபத்து மூன்றிலும் இருந்தது.

"நான் எழுதலய்யா!" சந்தியாகு அண்ணாச்சி திரையைப் பார்த்துக் கத்தினார். "இந்தா நிக்கேன்ல, தெரியலயா ஒங்களுக்கு?"

"தெரிகிறது. ஆனால் தெரிவதைச் சட்டம் ஏற்காது," என்றார் நீதிபதி. குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

பனிமயம் எழுந்தாள். "ஐயா, என் நோட்டப் பாருங்க. எல்லாருக்கும் அனுமதி குடுத்துட்டேன், இது தப்புன்னு நானே எழுதியிருக்கேன். அந்த வழியா யாரோ உள்ள வந்திருக்காங்க."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நோட்டின் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டார். அடித்தல், திருத்தல், பேனா கிழித்த ஓட்டை எல்லாம் சுவரளவு தெரிந்தன. "மொத்தத் தொண்ணூற்றொன்றில் இந்த ஒரு பத்திக்கு மட்டும் கைம்மானி பத்தொன்பது மதிப்பெண் கொடுத்திருக்கிறது, கனம் நீதிபதி அவர்களே. இந்தத் தளம் மெய் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. தளம் மெய் என்றால் அவர்கள் வீட்டை ஒப்படைத்துவிட்டார்கள். தளம் பொய் என்றால் கிழக்களம் என்று ஓர் ஊருக்குச் சான்றே கிடையாது. நிறுவியவரே சொல்லட்டும், மெய்யா பொய்யா?"

"எழுத்தில் கொடுங்கள் அம்மா," என்றார் நீதிபதி.

ஒரு தாளும் பேனாவும் வந்தன. பனிமயம் 'பொய்' என்று எழுதினாள். திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தாள். அடித்தாள். 'மெய்' என்று எழுதினாள். வழக்கறிஞரைப் பார்த்தாள். அதையும் அடித்தாள். பேனா வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றதில் மை ஊறி வட்டமாகப் பரவியது. அதன் கீழே எழுதினாள்: 'நாங்க இருக்கோம்.'

தாள் அந்த அறையிலிருந்த கைம்மானியின் தட்டில் வைக்கப்பட்டது. நீல வெளிச்சம் நகர்ந்து நின்றது. சுவர்த்திரையில் எண் வந்தது.

தொண்ணூற்றேழு. மனிதக் கைவேலை என உறுதி செய்யப்படுகிறது.

"கையெழுத்து மெய்," என்றார் நீதிபதி. "கேள்விக்கு விடை இல்லை. முத்திரை இருக்கும்வரை தளத்தில் உள்ளதே நிற்கும்."

வெளியே வராந்தாவில் நின்ற கிழக்களத்துச் சனத்துக்குக் கண்ணாடி வழியே எண் மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். யாரோ குலவையிட்டார்கள்.