சுவரில் இருந்த வசவு

லிஸ்பன் அரங்கில் அன்று இடம் கிடைக்காதவர்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள். பாடுபவர் ரெஜிஸ் மோத்தா. நானூறு ஆண்டுப் பழைய லத்தீன் பூசைப்பாட்டுகளை டெனர் என்னும் உச்ச ஆண்குரலில் பாட உலகத்திலேயே இவர்தான் என்று பெயர். தூத்துக்குடிக்காரர், அதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

பெயர் வாங்கிக் கொடுத்தது காரைச்செவி என்ற கருவி. சுண்ணாம்புப் பூச்சு இறுகும்போது பக்கத்தில் எழுந்த ஒலியையும் சேர்த்து இறுக்கிக்கொள்கிறது. காரைச்செவியைச் சுவரில் ஒட்டினால் அதைத் திரும்பக் கேட்கலாம். அந்தக் கருவி வந்த பிறகு பழைய இசையில் யாருக்கும் சொந்தக் கருத்து கிடையாது. சுவர் சொன்னால் சரி.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறை மாதா கோயில் ஒன்றின் சுவர் ஒரு முழுப் பூசைப்பாட்டையே கொடுத்தது. பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில், எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு சொல்: 'தள்ளிநில்லுலே'. காணாமல்போன லத்தீன் மந்திரம் என்றார்கள் பேராசிரியர்கள். ஐரோப்பியப் பாடகர்களுக்கு நாக்கு சுளுக்கியது. மோத்தாவின் வாயில் மட்டும் வெண்ணெயாக வழுக்கியது. பொருள் அவருக்குத் தெரியும். வெளியே சொன்னால் பிழைப்பு போகும் என்பதும் தெரியும். ஊரில் இந்த இசையைக் கேட்பார் யாருமில்லை என்பதால் ரகசியம் பத்திரம்.

அன்று முன்வரிசையில் அவருடைய அக்கா இன்னாசியம்மாள். கருவாட்டு மொத்த வியாபாரி. தம்பி பாடுவதைக் கேட்க முதல் தடவையாக வந்திருந்தாள். மந்திரம் வந்தது. அரங்கமே தலைகுனிந்தது. அக்கா சிரித்துவிட்டாள், அடக்கவும் முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் பாடகர் குழுத்தலைவர் டுவார்த்தே ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார். பேச்சைப் பெயர்க்கும் கருவியைத் தன் காதிலும் அக்காவின் காதிலும் மாட்டினார். அது அவர் பேச்சைச் செந்தமிழில் கொட்டியது. "அம்மையீர், ஏன் நகைத்தீர்கள்?"

"பின்ன? தள்ளி நில்லுலேங்கான். எவனோ பக்கத்துல நின்னு இடிச்சிருக்கான், பாடுனவன் வைதிருக்கான். இதப் போயி கண்ண மூடிக் கேக்கிய."

"யக்கா, சும்மா இரேன்" என்றார் மோத்தா. இனி ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

டுவார்த்தே நிமிர்ந்தபோது கண்ணில் நீர். "அப்படியெனில் இதுவரை தவறாகப் பாடியிருக்கிறோம். எவரும் இடிக்கவில்லையே."

சுவர் சொன்னால் சரிதானே. இனிமேல் விலாவில் மூன்று இடி என்று ஆரம்பித்தார்.

"மூணா? ஒரு வசவுக்கு மூணு இடியா? எங்க ஊர்ல ஒண்ணு பட்டதுமே வைதிருவான்."

"இரண்டு."

"ஒண்ணு. முழங்கையால. அதும் எங்க கடக்கரை ஆளுதான் இடிக்கணும். உங்க ஆளுவ இடிச்சிட்டு மன்னிப்பு கேப்பாவ. அது சுவத்துல இருக்கா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டார் டுவார்த்தே. "அத்தகைய ஆளுக்கு நான் எங்கே செல்வேன்?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இன்று விளம்பரங்களில் அக்கா, தம்பி இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வருகிறது. கடற்கரை வசவுக்கு ஊர் ஊராக எழுந்து நிற்கிறார்கள். மோத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சங்கடம் ஒன்றே ஒன்று. பெண்ணை யாரும் 'லே' போட்டுக் கூப்பிடுவதில்லை, அதிலும் மூத்தவளை. 'நில்லுக்கா' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். சுவரில் இல்லை என்றுவிட்டார்கள். எனவே மேடைக்கு மேடை, உலகறிய, அக்காவை 'லே' என்கிறார். அதற்கு அக்கா பேரத்தை மறந்து இன்னொரு இடி வைக்கிறாள்.

அந்த இரண்டாவது இடிக்கு ஆதாரம் தேடிக் காரைச்செவியை மறுபடியும் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருப்பவர் மோத்தா ஒருவர்தான்.