கொடிக்கால் காசுகள்

1937-ஆம் வருஷத்துச் சித்திரை வெயில். பரமத்தி வேலூரில் கைலாசத்தின் பாத்திரக்கடை வீட்டின் முன்கட்டிலேயே இருந்தது. மெட்ராஸ் கம்பெனி ஒன்று மாதிரிக்கு அனுப்பியிருந்த பாலிஷ் டப்பாவை அன்று பகலில்தான் திறந்தார். எந்தக் கறையும் போகும் என்று மூடியில் அச்சடித்திருந்தார்கள். அச்சடித்ததையெல்லாம் நம்பிவிடுகிற ஆளா கைலாசம்? சோதித்துப் பார்க்க வாகான அழுக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது செங்கோடன் வந்து சேர்ந்தான்.

அவனுடைய வெற்றிலைக் கொடிக்காலில் மண் வெட்டும்போது ஐந்து செப்புக் காசுகள் கிடைத்தனவாம். களிம்பு பொருக்குத் தட்டி, தலையும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை.

"இதைத் தொடச்சுப் பாருங்கண்ணா," என்றான்.

கைலாசம் துணியில் பாலிஷைத் தொட்டு முதல் காசைத் தேய்த்தார். பச்சைக் களிம்பு இளகியதும் செம்பு வரவில்லை, மஞ்சள் வந்தது. துணியெல்லாம் மஞ்சள். பாலிஷின் நெடியையும் அமுக்கிக்கொண்டு வேப்பிலை வாசம் எழுந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் குப்பாயிக்கு அம்மை இறங்கி, நேற்றுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வீடு முழுக்க வேப்பிலைதானே! மூத்தது தங்காததால், குப்பையில் புரட்டி எடுத்துப் பெயர் வைத்த பிள்ளை அவள். அவர்களுக்கு இருந்தது அந்த ஒரே உயிர்தான்.

முதல் காசு பளபளத்தது.

"ஏனுங்க," உள்ளிருந்து மனைவி சௌந்திரம் கூப்பிட்டாள். "புள்ளைக்கு மறுபடியும் ஒடம்பு சுடுதுங்க."

"வெயிலுதான். விசிறி உடு, வாரேன்," என்றபடி கைலாசம் அடுத்த காசை எடுத்தார். கை சும்மா இருந்தால்தானே!

தேய்க்கத் தேய்க்கக் காசு சுட்டது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

அதுவும் வெளுத்தது.

உள்ளே சௌந்திரம் அலறினாள்.

கைலாசம் ஓடினார். குப்பாயியின் நெற்றியில் புதிதாக முத்து எழும்பியிருந்தது.

இரண்டே இரண்டு.

சௌந்திரம் கணவரின் மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற செங்கோடனிடம் மெல்லக் கேட்டாள்.

"காசு எதுல இருந்துச்சுங்க?"

"துணியிலங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியா முடிஞ்சு கெடந்துச்சு. மக்கின துணிதானேன்னு வாய்க்கால்ல எறிஞ்சுட்டேன்."

அம்மை கண்ட பிள்ளைக்காக மாரியாத்தாளை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிவது அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பிள்ளை பிழைத்ததும் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள்.

"பொழைக்காத புள்ளைங்க காசுங்க அது," சௌந்திரம் கிசுகிசுத்தாள்.

கைலாசம் முன்கட்டுக்கு ஓடினார். மஞ்சளில் துணி நனைத்து ஐந்து காசுகளையும் தனித்தனியே முடிந்தார். தேய்க்காத மூன்றும் அடங்கின. தேய்த்த இரண்டும் எத்தனை இறுக்கினாலும் முடிச்சு நெகிழ்ந்து வெளியே விழுந்தன. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடிய செங்கோடன் எடுத்த குழியிலேயே புதைத்துவிட்டான்.

பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இறங்கியது. முத்தும் வாடியது. சௌந்திரம் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

குப்பாயி கண் திறந்தாள். நகர்ந்து நகர்ந்து பாயின் ஓரத்துக்குப் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

"நடுவுல படு சாமி," என்றார் கைலாசம்.

"எடமில்லீங்கப்பா."

பாயின் வெற்றுப் பக்கத்தில் பரப்பியிருந்த வேப்பிலை இரண்டு இடத்தில் அமுங்கிக் கிடந்தது.

"இவங்களுக்குத் தண்ணி வேணுமாம்," என்றாள் குப்பாயி. "மிச்ச மூணு பேரையும் எப்பத் தொடைப்பீங்கன்னு கேக்கறாங்க."