கதவுக்கு வெளியே ஜோசலின்

"இன்னும் எழுந்துக்கலயா உன் பொண்ணு?"

மூத்த மகன் லாசரஸின் குரல் அந்த முடிச்சூர் வீட்டின் இரண்டு அறைகளையும் அதிர வைத்தது. ஞானம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு மகளிடம் ஓடினாள். ஜோசலின் சுவரைப் பார்த்தபடி சுருண்டு படுத்திருந்தாள்.

"அம்மா... இன்னிக்கு நான் போவல. முடியலமா..."

"இந்த மாசத்துல இது நாலாவது தபா!" லாசரஸ் கத்தினான். "எட்டு மாசத்துக்கு முன்னாடி என் ஃப்ரெண்டுகிட்ட கெஞ்சி வாங்கிக் குடுத்த ஆபீஸ் வேல. நாளைக்கு அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? எல்லாம் நீ குடுக்கிற செல்லந்தாம்மா!"

பழி எப்போதும் தன் தலையில்தான் விழும் என்று ஞானம்மாளுக்குத் தெரியும். கணவன் இறந்தபின் பன்னிரண்டு வருடங்கள் ஊரார் வீடுகளில் சமைத்து மகளைப் படிக்க வைத்தவள் அவள். தன்னைப் போல மகளும் அடுத்தவர் அடுப்படியில் நிற்கக் கூடாது என்ற ஒரே வெறி. அந்த வெறியில் வார்த்தை தடித்துவிட்டது.

"ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற உத்தியோகம்... அதுகூடவா முடியல? சோம்பேறி! எழுந்து போடி!"

ஜோசலின் எழுந்தாள், குளித்தாள், சாப்பிடாமலே போய்விட்டாள்.

அன்று பதினோரு மணிக்கு, பெருங்களத்தூரில் ஞானம்மாள் சமைக்கிற அடுக்குமாடி வீட்டின் அழைப்பு மணி அடித்தது. வீட்டுக்காரம்மா வெளியே போயிருந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"குட் மார்னிங் மேடம்! உங்க வீட்டுத் தண்ணி சுத்தமா..."

ஜோசலின்! தோளில் தண்ணீர் ஃபில்டர் வைத்த பெரிய பை. வெயிலில் உதடு வெடித்திருந்தது. தாயைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. பின்னால் நின்ற மேனேஜர் இளைஞன் எரிந்து விழுந்தான்.

"இன்னா நின்னுட்ட? சிரி! எத்தினி தபா சொல்றது? நாலு மாடி ஏறியும் ஒரு ஆர்டர் இல்ல. சமையக்காரம்மாகிட்டகூடப் பேச வரலன்னா நீயெல்லாம் எதுக்கு டிகிரி படிச்ச?"

கண்களில் நீர் வழிய வழிய, ஜோசலின் பெற்ற தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

ஞானம்மாள் வாசலைத் தாண்டி வந்தாள். இதுவா ஏசி ரூம்...? இவளையா சோம்பேறி என்றேன்?

"அவ சிரிக்க வேணாம் சார். அவ என் பொண்ணு."

மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றி, அவன் காலடியில் பதமாக இறக்கி வைத்தாள். அவன் முகம் வெளுத்தது.

"என்னையும் மேலதிகாரிங்க கேள்வி கேக்குறாங்கம்மா..." என்று முனகிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

"எட்டு மாசமா ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிமா சொல்றது? எம்பொண்ணு ஆபீஸ் போவுதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிகினு திரிஞ்சியே... உன் மூஞ்சில அந்தச் சந்தோசத்த நான் வேலைக்கு சேந்த அன்னிக்குத்தாம்மா மொத தபா பாத்தேன்..."

"மன்னிச்சிடு கண்ணு... அம்மாவ மன்னிச்சிடு!"

வாசற்படியிலேயே இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மாலையில், தங்கை வேலையை விட்ட விஷயம் தெரிந்து லாசரஸ் கொதித்துக்கொண்டு வந்தான். ஞானம்மாள் அறை வாசலில் குறுக்கே நின்றாள்.

"கத்தாதடா. அவ தூங்குறா. காலைல போன்னு வெரட்டினது நான், கூட்டிகினு வந்ததும் நான். உன் ஃப்ரெண்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவன் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். போர்வைக்கு வெளியே தங்கையின் பாதங்கள் தெரிந்தன. கொப்புளம் வெடித்து, தோல் உரிந்து, அதன்மேல் மறுபடியும் கொப்புளம்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மருந்துக் கடையிலிருந்து களிம்பு வாங்கிவந்து அம்மாவின் கையில் கொடுத்தான்.