பள்ளிக்கூடத்து பிலிம்

பத்தொன்பது வீட்டு பிலிம்களும் தெளிவாக இருந்தன. பள்ளிக்கூடத்தில் வைத்தது மட்டும் கறுத்திருந்தது.

மஸூதா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கதிர்வீச்சு பட்டால் எக்ஸ்ரே பிலிம் கறுக்கும் என்றுதான் கறுப்புத்தாள் சுற்றி இடத்துக்கு ஒன்றாக வைத்து, நேற்று பொன்னேரியில் கழுவி வாங்கினாள். கழுவியவன் சொதப்பியிருப்பான் என்று நினைக்க ஆசையாக இருந்தது. ஏழு மாதமாகப் பழவேற்காட்டிலிருந்து படகேறிச் சம்பளமில்லாமல் இந்தத் தீவுக்கு வந்துபோகிற நர்சுக்கு வேறு எதையும் நினைக்கத் தெம்பில்லை.

எண்பத்தொன்றாம் வருஷப் புயலில் ஒதுங்கிய ஈயப்பெட்டியை உருக்கி ஆண்கள் வலைக்குக் குண்டு வார்த்தார்கள். உள்ளே இருந்த கதிர்வீச்சுச் சனியனும் சேர்ந்தே உருகியது. அதிகாரிகள் வந்து வலைகளை அள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வீடுகளில் மிச்சம் கிடக்குமோ என்று பயந்து, நோயில் விழுந்த பதினொரு பிள்ளைகளையும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியவள் மஸூதாதான். வந்த பிறகு எட்டுப் பேர் செத்துப்போய்விட்டார்கள்.

வெளியே ஐப்பசி மழை கட்டிக்கொண்டு நிற்க, நாலு மணிக்கே இருட்டிய அறையில் டெட்டாலும் உப்புச்சேறும் பிள்ளைகளின் ஈறுகளில் கசியும் ரத்தமும் ஒன்றாக மணக்க, ஓட்டிலிருந்து எங்கேயோ சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி அவள் பெஞ்சுக்கடியிலும் கரும்பலகைக்குப் பின்னாலும் மருந்துப்பெட்டியிலும் தேடினாள். ஈயம் இல்லை. எங்கும் இல்லை.

பாய்களில் மூன்று பிள்ளைகள், பக்கத்தில் அவர்களின் அம்மாக்கள். கடைசியில் ஜெயம்மாவின் மகன் சுப்பன், இரண்டு வயது. இவனையாவது பிழைக்கவைத்துவிட வேண்டும். அவளுக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான். போர்வையை விலக்கினாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற அரைஞாண் கயிறு, அதில் துணி முடிச்சு. அடுத்தவர் நம்பிக்கையில் கைவைக்கக் கூடாது என்று இத்தனை நாள் அவள் அதைத் தொட்டதில்லை.

இன்று தொட்டாள். கனத்தது.

"ஜெயம்மா, இதுல இன்னா இருக்கு?"

"வலைக்குண்டுதான் நர்சம்மா. காத்து கருப்பு அண்டக் கூடாதுனு பசங்களுக்குக் கட்றது எங்க வழக்கம். ஆபீசருங்க வலையத்தானே கேட்டாங்க?"

பக்கத்தில் இன்னொரு முடிச்சு. அதற்கும் பக்கத்தில். இடுப்பைச் சுற்றி. ஒன்பது.

"இவனுக்கு எதுக்கு இத்தினி?"

"போய்ச் சேந்த பசங்களோடது. அவங்கவங்க அம்மா அவுத்துக் குடுத்தாங்க. இருக்கறதுல இவன்தானே சின்னவன். இவனாச்சும் பொழைக்கட்டும்னு."

மஸூதா சுற்றுமுற்றும் பார்த்தாள். கத்தரிக்கோல். எங்கே? தட்டில்.

"இதுதாம்மா கொல்லுது! இதுதான்!"

ஜெயம்மா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக அடுத்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஸூதா திரும்பினாள்.

இருசம்மாளின் மகளுக்கு மூச்சு இல்லை. இருசம்மாள் அழவில்லை. பிள்ளையின் இடுப்பில் குனிந்து, முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயம்மா எழுந்துபோய் மடியேந்தி நின்றாள்.