பொங்கி வந்த கேக்

காலைத் தேநீர் மணி அடிக்கச் சற்று முன்பு டார்சி விழுந்தான். பாதி ரோமம் கத்தரித்த ஆடு அவன் கால்களுக்கிடையிலிருந்து திமிறி, கழன்று தொங்கும் ரோமத்தோடு தொழுவத்துக்குள் ஓடியது. வில்கா பண்ணைக் கொட்டகையில் அவனைவிட வேகமாகக் கத்தரிக்க ஆள் கிடையாது. ஆனால் ஒரு வாரமாகவே அவனுக்குக் கை நடுக்கம், வயிற்று உப்புசம், வாயெல்லாம் புண். இன்று கண் இருட்டிச் சாய்ந்துவிட்டான்.

தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "நோரீன்தான் எனக்கு என்னமோ கலந்து குடுக்கறா."

நோரீன் கொட்டகையின் சமையல்காரி. டார்சியின் உடம்புக்குக் கோதுமை ஆகாது. ரொட்டித் துணுக்கு ஒன்று உள்ளே போனாலும் குடல் கெட்டுவிடும். ஒரு வருஷமாக அவனுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்துச் சமைத்தவள் அவள்தான். மேஸ்திரி மெர்வ் அவளைச் சாயங்காலத்துக்குள் மூட்டை கட்டச் சொல்லிவிட்டான். விஷம் வைத்தவள் என்று பேர் வாங்கிவிட்டால், அந்த மாநிலத்தில் எந்தக் கொட்டகையிலும் அவளுக்கு அடுப்பு கிடைக்காது. போலீசுக்குப் போன் செய்தது நோரீனேதான்.

சீனியர் கான்ஸ்டபிள் கிளெனிஸ் பாஸ்கோ செம்மண் புழுதியோடு வந்து இறங்கினாள். மெர்வ் சிரித்துக்கொண்டே எதிரே வந்தான்.

"என்ன கிளெனிஸ், போன கண்காட்சிக்கு நீ கொண்டுவந்த ஸ்பாஞ்சு கேக்கால ஜன்னலை உடைச்சிருக்கலாம். எங்கம்மா இருந்திருந்தா, 'பாக்கெட்டைத் திருப்பிப் படிடி'ன்னு தலையில ஒரு குட்டு வெச்சிருப்பாங்க."

அவன் அம்மா ஊர்க் கண்காட்சியின் சமையல் போட்டியில் பல வருஷம் ஸ்பாஞ்சு கேக்குக்கு முதல் பரிசு வாங்கியவள். கிளெனிஸும் சிரித்துவைத்தாள். கேலியைத் தாங்காத போலீஸ் அந்த ஊரில் ஒரு வாரம் காலம் தள்ள முடியாது.

சமையலறை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ரொட்டி மேசை ஒரு மூலை, டார்சியின் அலமாரி எதிர் மூலை. அந்த வருஷம் எலிப்படை ஊரையே சூறையாடிக்கொண்டிருந்ததால், மாவு, சர்க்கரை எல்லாம் தகர டப்பாக்களுக்குள் போயிருந்தன.

"புதுசா ஏதாவது செஞ்சியா?"

"இல்ல. அதே ஆட்டுக்கறி, அதே கிரேவி, அதே கஸ்டர்ட். கிரேவியைக் கெட்டியாக்கக்கூட மைதாவைத் தொடறதே இல்ல. எல்லாருக்குமே கார்ன்ஃப்ளார், அந்தச் சோள மாவுதான்."

"டப்பாவை நிரப்பறது யாரு?"

"நான்தான். போன தடவை மட்டும் மெர்வ். டவுன்லேர்ந்து சாமான் கொண்டுவந்தவரு, எலி வந்துடும்னு அவரே கொட்டிட்டு, பாக்கெட்டை எல்லாம் எரிச்சிட்டாரு." நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூத்தைப் பாரு. அவன் சுருண்டு கெடந்த இந்த வாரம்தான் அவனுக்குன்னு போட்ட கேக் பஞ்சு மாதிரி பொங்கி வந்துச்சு. இதுக்கு முன்ன ஒரு தடவைகூட அப்படி வரல."

கிளெனிஸ் கார்ன்ஃப்ளார் டப்பாவைத் திறந்து, வெள்ளை மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள்.

டார்சி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கோதுமைதான் வினை என்று டாக்டர் கண்டுபிடிக்கும்வரை தன்னைச் சோம்பேறி என்றே நம்பியிருந்ததாகவும், மனைவியும் அப்படி நம்பித்தான் போய்விட்டதாகவும் சொன்னான். "தலை தெளிவா எழுந்திரிக்கிறதுன்னா என்னன்னு போன வருஷம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதை நோரீன்தான் குடுத்தா. அவளே பிடுங்கிட்டா."

நோரீனோடு சண்டையா? இல்லை. வேறு யாரோடாவது? யோசித்துச் சொன்னான். மழைக்குப் பிறகு ஆடு ஈரமா, காய்ந்ததா என்று கத்தரிப்பவர்கள் சீட்டுப் போட்டு வாக்களிப்பது வழக்கம். ஈரம் என்று முடிவானால் அன்று கத்தரிப்பு கிடையாது, நஷ்டம் மேஸ்திரிக்கு. போன மாதம் டார்சி ஈரம் என்றான். அவன் முகத்தைப் பார்த்து எல்லோரும் ஈரம் என்றே சீட்டுப் போட்டார்கள். கொட்டகை நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. மெர்வ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மதியச் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் பார்க்க, கிளெனிஸ் அந்த டப்பாவை வைத்தாள்.

"மெர்வ், இதுல என்ன கொட்டினே?"

"அவ கேட்டது. கார்ன்ஃப்ளார்."

"எந்தக் கார்ன்ஃப்ளார்?"

"சமையல் சாமான் எனக்கென்ன தெரியும்? கடையில இருந்ததை எடுத்தேன். உள்ள கோதுமையா இருந்தா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"கார்ன்ஃப்ளாருக்குள்ள கோதுமை இருக்குன்னு இங்க யாருமே சொல்லலையே, மெர்வ்."

நுணலும் தன் வாயால் கெடும்.

கிளெனிஸ் விளக்கினாள். இந்த நாட்டுக் கடைகளில் கார்ன்ஃப்ளார் என்ற ஒரே பேரில் இரண்டு மாவு விற்கிறது: ஒன்று சோளத்தில் செய்தது, மற்றது கோதுமையில் செய்தது. எது எதுவென்று பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில்தான் இருக்கும். ஸ்பாஞ்சு கேக் பொங்குவது கோதுமையில், சோளத்தில் அமுங்கிப்போகும். "கண்காட்சியில என் கேக் அமுங்கினது அதனாலதான். இங்க நோரீன் கேக் பொங்கினதும் அதனாலதான். பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கச் சொல்லி வளர்த்த அம்மாவோட பிள்ளை நீ. படிச்சே, அதான் எரிச்சே."

மெர்வ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "உடம்புக்கு முடியாம டார்சி தானா வேற கொட்டகைக்குப் போயிடுவான்னு நெனச்சேன். அவ்வளவுதான். இது என்ன விஷமா? அந்த மாவுல செஞ்ச கிரேவியை நாங்க எல்லாருந்தானே தின்னோம்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அவனுக்கு மட்டும்தான் ஆகும்னு தெரிஞ்சுதானே கொட்டினே."

பரிசோதனைக்காக டப்பாவை மூடி முத்திரை வைத்து, மெர்வை வண்டியில் ஏற்றினாள்.

வண்டி போன பிறகு டார்சி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். மன்னிப்புக் கேட்க வந்திருந்தான். நோரீன் அவனுடைய தனிச் சட்டியைச் சுரண்டிக் கழுவி முடித்துத்தான் திரும்பினாள்.

"ஒரு வருஷமா தட்டைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டே. ஒரே ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்திருக்கலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஆட்டுக்கறியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வைத்து, கிரேவி ஊற்றாமல் தட்டை அவன் முன்னால் தள்ளினாள். இதில் என்ன சேர்த்திருக்கிறாய் என்று கேட்காமல் டார்சி சாப்பிட்டான்.