நாற்பத்தொரு நிமிடம்

திருச்சியிலிருந்து லீமாவுக்குப் பதினேழாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். வான்வளை ஊர்தி காற்றுமண்டலத்துக்கு மேலே எழும்பி, உலகத்தின் மறுபக்கத்தில் இறங்க நாற்பத்தொரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அரை மணிக்கு ஓர் ஊர்தி. அங்கே வேலை பார்ப்பவர்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போனார்கள்.

இருந்தும், லீமாவில் இருந்த மகள் நறுமுகையைப் பார்க்க, நான்கு வருடத்தில் பூவராகன் ஒருமுறைகூடப் போகவில்லை. நினைத்தால் போகலாம் என்பார். நினைத்தால் போகக்கூடிய இடத்தை எவன் நினைக்கிறான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நறுமுகை லீமா தளத்திலிருந்து செவ்வாய்க் கிரகக் குடியிருப்புக்குக் கிளம்புகிறாள். நம்மூர் நேரம் மாலை ஆறரைக்கு விண்கப்பல். திரும்பி வர ஒன்பது வருடம் ஆகும். மனைவி செண்பகவல்லி இரண்டு நாள் முன்பே போய்விட்டாள்.

மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டாள். "கெளம்பிட்டீங்களா? பொண்ணு அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

"நாப்பது நிமிஷம்தானே? இந்தா வந்துட்டேன்" என்றார் பூவராகன். கறிக்குழம்புச் சாப்பாடு கண்ணைச் சொக்கவைத்தது. படுத்துவிட்டார்.

விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது நாலே கால். நாலரை ஊர்தியில் இடம் இருந்தது. ஏறியிருந்தால் மகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். லீமாவில் அப்போதுதான் பொழுது விடிந்துகொண்டிருந்தது. அந்த ஊருக்கு ஏது நாலரை மணி ராகு? விண்ணைக் கிழித்துப் போகிற மனிதர் பஞ்சாங்கத்தைக் கிழிக்க மாட்டார்.

"பொண்ணு தூரதேசம் போறப்போ கெட்ட நேரத்துல போய் நிக்கலாமா?" என்று டிக்கெட் கொடுப்பவரிடம் விளக்கினார். நல்ல நேரம் பார்த்து ஆறு மணிக்கு ஏறினார்.

இறங்கியபோது கப்பல் போய்ப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா" என்றாள்.

ஏழு மாதத்தில் நறுமுகை செவ்வாய் போய்ச் சேர்ந்தாள். பூவராகனுக்கு அன்றிலிருந்து மகள் மேல் பாசம் பொங்கியது. தினமும் காலையில் பேசுகருவி முன் உட்கார்ந்து, "சாப்பிட்டியாம்மா?" என்பார். கேள்வி போகப் பன்னிரண்டு நிமிடம், பதில் வரப் பன்னிரண்டு நிமிடம். அசையாமல் காத்திருப்பார். தெருவே அவரை மெச்சியது.

இன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கும் செண்பகவல்லி அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் வெந்நீர் தாங்களேன்."

"சும்மா இரு. பொண்ணு பேசுற நேரம்" என்றார் பூவராகன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.