குரலை எடுத்துத் தாங்கோ

பரமலிங்கத்தின் வீட்டுக்கு வந்த புனிதம் கதிரையில் உட்காரவில்லை. மழையில் நனைந்த கையால் போனை நீட்டிப் பாட்டை ஓடவிட்டார். கிற்றாரும் மேளமும் கேட்டன. பாடுகிற ஆள் இல்லை.

"என்ர மகன் துசியந்தன் கோயில் திருநாளில பாடினது ஐயா. இப்ப குரலைக் காணேல்லை. அவன்ர போனும் அவனோடயே கடலுக்குள்ள போயிட்டுது. எனக்கெண்டு இது ஒண்டுதான் இருந்தது. அவன்ர மனிசி அழிச்சுப்போட்டாள்."

பரமலிங்கம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முல்லைத்தீவில் பொலிசுக்குப் போகக் கூசுகிறவர்கள் அவரிடம் வருவார்கள். அவருடைய தம்பி மகள் வினோஜாவுக்குச் சந்தேகம் வந்தால் தீர்ப்பும் கூடவே வந்துவிடும்.

"ஏன் அழிக்கவேணும்?" என்று வினோஜா கேட்டாள்.

"மருமகள் நிரோசினிக்கு மறுகலியாணம் பேசுகினம். இவன்ர குரல் இனி அவளுக்கு இடைஞ்சல்தானே? பாட்டில மேளச்சத்தம் குரலை மூடுது. ஜெயந்தன்ர கடையில கொம்பியூட்டரால பிரிக்கலாமாம். அதுதான் 'குரலை எடுத்துத் தாங்கோ எண்டு கேள்' எண்டு சொல்லி அவளை அனுப்பினனான். வந்ததைக் கேட்டிட்டு நேற்றே வீட்டால போகச் சொல்லிப்போட்டன். பூநகரியில தமக்கையோட நிக்கிறாள்."

ஜெயந்தனின் கடை வாசலில் 'கரோக்கி செய்து தரப்படும்' என்று எழுதியிருந்தது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஊரில் பாடாத ஆள் இல்லை. பரமலிங்கமும் வினோஜாவும் போனபோது உள்ளே ஒருவர் நின்றார்.

"தம்பி, இந்தப் பாட்டிலயும் குரலை எடுத்துத் தாங்கோ. மகள் கலியாணவீட்டில பாடப்போறாள்."

மடிக்கணினித் திரையில் 'இடம் போதாது' என்ற எச்சரிக்கை வந்தது. ஜெயந்தன் அதைச் சலிப்போடு தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கினான். அந்த மனிதர் போனதும் வினோஜா நிரோசினியைப் பற்றிக் கேட்டாள்.

"அந்த அக்காவும் குரலை எடுத்துத் தரச் சொன்னவா. எடுத்து, போனின்ர மெமரி கார்டில பழைய பாட்டுக்கு மேலேயே பதிஞ்சு குடுத்தனான். போட்டுக் காட்டட்டோ எண்டு கேட்டன். வேண்டாம், மாமிதான் முதல் கேக்கவேணும் எண்டவா."

"பாத்தீங்களோ பெரியப்பா! அதில குரல் இல்லை எண்டு தெரிஞ்சபடியால்தான் கேக்கேல்லை."

"புனிதத்தைக் கூட்டிக்கொண்டு வா," என்றார் பரமலிங்கம்.

புனிதம் வந்து சுவரோரம் நின்றார்.

"அம்மா, நீங்கள் சொல்லிவிட்டதை நிரோசினி ஒரு எழுத்தும் மாத்தாமல் இங்க சொன்னவா. சற்று முந்தி வந்தவரும் அதையேதான் சொன்னவர். அவருக்குக் குரல் வேண்டாம். உங்களுக்குக் குரல்தான் வேணும். கிணத்தில தண்ணி எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோவம். காலில முள்ளு எடுத்தால் எறிஞ்சுபோடுவம். ரெண்டும் எடுக்கிறதுதான். உங்கட பிள்ளையின்ர குரலை இந்தத் தம்பி முள்ளாக எடுத்திட்டார்."

புனிதம் கையிலிருந்த போனைப் பார்த்தார். "என்ர வாயால வந்த வினையோ ஐயா?"

"அப்ப அவா ஏன் கேட்டுப் பாக்கேல்லை?" வினோஜா விடவில்லை.

"அழிக்க வந்தவள் எண்டால் அழிஞ்சுதோ எண்டு பாக்காமல் போவாளோ? இவா பெத்தவளுக்கு முதலிடம் விட்டவா, அவ்வளவுதான்."

பரமலிங்கம் ஜெயந்தனிடம் திரும்பினார்.

"பாட்டைப் பிரிச்சால் ரெண்டு துண்டு வரவேணும். கரோக்கிக்கு வாறவை இசையை மட்டும்தான் கொண்டுபோகினம். உங்கட கொம்பியூட்டரில இடமில்லை. மற்றத் துண்டுகள் ஒண்டையும் நீங்கள் அழிக்கிறேல்லைப் போல."

ஜெயந்தன் பதறித் தேடினான். ஆட்கள் வேண்டாமென்று விட்டுப்போன குரல்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைத் திறந்தான்.

துசியந்தன் தனியாகப் பாடினான். மேளம் மூடியிருந்த மூச்சுக்கூடக் கேட்டது. இரண்டு அடிகளுக்கு நடுவில் பக்கத்தில் யாரிடமோ மெல்லக் கேட்டான்: "நிரோ, சரியே?"

புனிதம் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதார். பிறகு பூநகரியில் இருந்த நிரோசினியைப் போனில் அழைத்தார்.

"பிள்ளை, அவன்ர குரலை எடுத்து..." அந்தச் சொல்லுக்குப் பயந்து நிறுத்தினார். "குரல் கிடைச்சிட்டுது. பிழை என்ரதான். உன்னைத்தான் அதில கேக்கிறான். வீட்டை வா பிள்ளை."



"நான் இனி வரமாட்டன் மாமி. அந்தப் பாட்டை மட்டும் அனுப்பிவிடுங்கோ."